ஒன்பது கட்டைகள்

அப்பாவின் பெயர் ஆர்விட் நீமெலா.
மிச்சிகனின் வடகோடியில்
பேரேரியை ஒட்டிய ஆறு பள்ளிகளுக்கும்
ஒரே உளவியலாளர்.
திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று என்று
முப்பத்தோரு குளிர்காலம்
கதவு சரியாய்ச் சாத்தாத ஸ்டேஷன் வேகனில்
பனி ஒதுக்கிய பாதைகளில் போய்வந்தார்.

எந்தப் பள்ளியிலும் அவருக்கென்று அறை கிடையாது.
துடைப்பங்கள் சாய்த்திருக்கும் இடம்,
கொதிகலன் உறுமும் மூலை,
ஒரு டிசம்பர் முழுக்க
நாடக மேடைத் திரைக்குப் பின்னால்
அட்டை மரங்களுக்கு நடுவே.
முழங்கால் மார்பை இடிக்கும் குட்டி நாற்காலியில்
ஆறடி மூன்றங்குல மனிதர்
இரண்டாம் வகுப்புப் பையனின் எதிரே
வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாராம்.
"பேசாமலிருக்கச் சம்பளம் வாங்கும் ஆள்" என்பாள் அம்மா.

வீட்டில் யார் பெயரும் சொன்னதில்லை.
இரவுச் சாப்பாட்டில்
"இன்றைக்கு ஒரு பையன் சிரித்தான்."
அவ்வளவுதான்.
எந்தப் பையன்? என் வகுப்பா? கோடி வீட்டுக்காரனா?
"அந்த உப்பை இப்படித் தள்ளு, மார்லிஸ்."

எனக்குப் பொறாமை.
ஐம்பத்தாறு வயதில் சொன்னால் என்ன.
ஊரில் எவன் மேசையைக் கவிழ்த்தாலும்
அப்பாவின் ஒரு மணி நேரம்
முழுசாய் அவனுக்கு.
நான் எதையும் கவிழ்க்கவில்லை.
கையெழுத்து அழகு என்று நட்சத்திரம் வாங்கினேன்.
எனக்கு மிஞ்சியது
சோபாவில் வாய் பிளந்து தூங்கும் அப்பா,
காலுறைக்கு வெளியே ஒரு கட்டைவிரல்.

பொய். காலையும் மிஞ்சியது.
அம்மா ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்து வரும்முன்
அவர்தான் எனக்குச் சடை பின்னுவார்,
மீன்வலை முடியும் விரல்களால்,
நெற்றி இழுத்துக் கண் சிறுக்கும்வரை இறுக்கமாய்.
அது மாலைவரை அவிழாது.

கறுப்புப் பெட்டியை மட்டும் தொடக் கூடாது.
உள்ளே ஒரு ஸ்டாப்வாட்ச்,
சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டைகள்.
தம்பி ராட்னி ஒருநாள் திறந்துவிட்டான்.
அப்பா அதட்டவில்லை. பக்கத்தில் குந்தி,
"இதைப் பழகிவிட்டால்
உன்னை யாரும் புதிதாய்ப் பார்க்க முடியாது"
என்றார். பூட்டினார்.

அதே ராட்னி பதினைந்து வயதில்
ஒரு குளிர்காலம் பேச்சை நிறுத்தினான்.
ஆறு பள்ளிக்கும் தெரிந்த மனிதர்
மகன் கதவுக்கு வெளியே
இரண்டு கோப்பை கோகோவோடு நின்றார்.
பிறகு தரையில் உட்கார்ந்தார்.
ஆடை படிந்து ஆறிப்போனது.
மறுநாளும் இரண்டு கோப்பை.
மார்ச்சில் ஒருநாள் ஒன்று காலியாயிருந்தது.
அதைப் பற்றி இருவரும்
இன்றுவரை, அதாவது ஏப்ரல் ஒன்பதுவரை,
பேசிக்கொண்டதில்லை.

லூதரன் தேவாலயத்தில்
எங்களுக்குத் தெரியாத முகங்கள்.
பல் மருத்துவர் ஒருத்தி. மளிகைக்கடை மேலாளர்.
அப்பாவை எப்படிப் பழக்கம் என்று
அம்மா ஒவ்வொருவரையும் கேட்டாள்.
"பள்ளியில்" என்றார்கள்
சட்டென்று காபியைப் பார்த்து.
பனிவண்டி ஓட்டும் பெரிய உடம்புக்காரர் ஒருவர்
ஞாயிறுப்பள்ளிக் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு
பெட்டிக்கு எதிரே
வெகுநேரம் சும்மா இருந்தார்.
நான் உப்பைத் தள்ளுகிறவளாகவே இருந்தேன்.
கேட்கவில்லை.

அன்றிரவு பூட்டை உடைத்தோம்.
ஸ்டாப்வாட்சில் முள் நகரவில்லை.
கட்டைகள் எட்டுதான்.
மூடியின் உட்புறம் கல்வித்துறைப் பட்டியல்:
இருக்க வேண்டியவை ஒன்பது,
இருப்பவை எட்டு,
தொலைந்தவை என்ற இடத்தில்
ஓட்டுக் கம்பிபோல் நிமிர்ந்த அப்பாவின் எழுத்தில்
"எதுவுமில்லை."

ராட்னி சிரித்தான், அழுதான், மூக்கைச் சிந்தினான்.
தரையில் அடுக்கத் தொடங்கினோம்.
எந்த உருவம் வர வேண்டும் என்று
இருவருக்கும் தெரியாது.
நேரம் பார்க்கவும் ஆளில்லை.

மண் இன்னும் இறுகிக் கிடக்கிறது.
மே மாதம்தான் தோண்ட முடியுமாம்.
அதுவரை அவர்
கல்லறைத் தோட்டத்துச் சிறு கட்டடத்தில் இருப்பார்,
மண்வெட்டிகளோடும் துடைப்பங்களோடும்.