மறைத்த காலம்

பரதராமியில், டயர் ரீட்ரெட் கடைக்கு மேல்
எங்கள் கம்பெனி.
மூன்று கணினி, கோபித்துக்கொள்ளும் ஒரு பிரின்டர்,
துடைத்துத் துடைத்துச் சாம்பல் ஏறிய வெள்ளைப் பலகை.
கீழே ரப்பர் வேகும் வாடை
படியேறி வந்து எங்கள் கூட்டங்களில் உட்காரும்.

எந்த வேலையையும் நான்காய் வெட்டுவார் தெய்வசிகாமணி:
கேள், வரை, செய், ஒப்படை.
அதற்கும் முன்னால் ஒரு தாள் உண்டு,
எதெல்லாம் நம் வேலை இல்லை என்று எழுதும் தாள்.
‘அதுதாம்மா சோறு போடுது’ என்பார்.

இந்த ஜூனில், சித்தூர்ப் பக்கம்
ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை.
வண்டி நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை
நேரத்தைக் குறைத்துத் தர வேண்டும்.
ஆறு வாரம். மூன்று தவணை.
எல்லை: கேட் முதல் கேட் வரை.

தினமும் இன்னோர் எல்லையைப் பஸ்ஸில் தாண்டினேன்.
போன் ஒருமுறை நடுங்கி நல்வரவு சொல்லும்.
நான் கேட்டேன், ஹேமாவதி வரைந்தாள்.
எடைமேடை, டோக்கன், தரம் பார்ப்பவர்,
அவர் டீ குடிக்கப் போகும் பதினொரு நிமிடத்துக்கும்
ஒரு கட்டம், ஓர் அம்பு.

ஐந்தாம் வாரம்
நூற்றெழுபது நிமிடம் நாற்பத்திரண்டு ஆனது.
சால பாகுந்தி என்று
மேலாளர் சுதாகர் நாயுடு கேசரி வரவழைத்தார்.

நெய்க்கையோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.
கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள்,
புளியமரம் தாண்டி, பாலம் தாண்டி,
கிளிமூக்கு மாங்காய்மேல் கோணி, கோணிமேல் ஈ.
டிரெய்லரடியில் படுத்திருந்தவர்
என் அடையாள அட்டையைப் பார்த்து எழுந்தார்.
முனெப்பா. பலமநேர் பக்கம்.
எப்போ வந்தீங்க?
‘முந்தாநாள் ராத்திரி.
அடித்தட்டு ஒழுகுது, கழிவுன்னு ஒதுக்கிடுவாங்க.
உள்ளே இப்போ சீக்கிரமா ஆயிடுதாமே?’
ஆமாம் என்றேன்.
எத்தனை நிமிடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்தி என்று எவரும் சொல்வதில்லை எங்கள் ஆபீஸில்,
காலம்தான்.
அன்றிரவு எக்செல்லில் ஒரு காலம் சேர்த்தேன்.
எச். வரிசைக்கு வந்த நேரம்.
இரண்டு நாள் சாலையில் நடந்து, குனிந்து,
கேட்டுக் கேட்டு நிரப்பினேன்.
இருபத்தாறு மணி. முப்பத்தொன்று. ஐம்பத்து நான்கு.
இதற்குப் பில் கிடையாது.

தெய்வசிகாமணி பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.
‘எல்லைக்கு வெளியேம்மா இது.’
கீழே கம்ப்ரெசர் ஒருமுறை ஓடி நின்றது.
‘அழிக்காதே. மறைச்சு வை.’

மறைத்தேன்.
ஜி-யின் தோளில் ஐ வந்து ஒட்டிக்கொண்டது,
நடுவில் யாருமே நின்றதில்லை என்பதுபோல.
ஒப்படைத்தோம். கையெழுத்து ஆனது.
மூன்றாம் தவணை வெள்ளிக்கிழமை ஏறியது.

கோப்பு இப்போது அவர்களிடம் இருக்கிறது.
ஜி, ஐ இரண்டையும் சேர்த்துப் பிடித்து
வலப்பக்கம் ஒரு சொடுக்கு போதும்.
யாராவது,
சீசன் முடிந்த ஒரு மழைநாளில்,
வேறெதையோ தேடும்போது.