தம்

சனிக்கிழமை காலை ஆறே முக்கால்.
பழைய வண்ணாரப்பேட்டைப் பள்ளி மைதானத்தில்
ஐம்பத்து மூன்று பேர், மூன்று வரிசை.
மணலிப் பக்கமிருந்து காற்று வந்தால்
மூக்கைப் பொத்தக் கூடாது,
கை தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

பூட்ஸ் அளவெடுத்து வரவில்லை, மூட்டையில் வந்தது.
என் கால் நாலு, பூட்ஸ் ஆறு.
நுனியில் பேப்பரின் ராசிபலன் பக்கத்தைக் கசக்கித் திணித்திருக்கிறேன்.
நடந்தால் மேஷமும் ரிஷபமும் நசுங்கும்.

பட்டாலியனிலிருந்து வருகிற ஹவில்தார் தன்சிங்குக்குத்
தமிழில் மூன்று சொல் தெரியும்:
சாப்ட்டியா, சும்மா, சீக்கிரம்.
எங்களுக்கு இந்தியில் ஏழு.
இந்தப் பத்துச் சொல்லில்
ஒரு வருஷம் ஓட்டிவிட்டோம்.

சாவ்தான், குதிகால் சேர வேண்டும்.
விஸ்ராம், கால் அகல, கை முதுகுக்குப் பின்னால்.
ஆராம் சே, அப்படியே கொஞ்சம் தளரலாம்.
பாயே முட் என்றால் இடப்பக்கம்.
முதல் வாரம் தில்ஷாத் கேட்டாள்,
'சாருக்கு எதுக்குடி பாயி?'
தம் என்றால் நில்.
எங்கள் தெருவில் தம் என்றால் பீடி.

ரெஜினா மிஸ் வாரம் ஐந்து நாள் கெமிஸ்ட்ரி,
ஆறாம் நாள் தோளில் இரண்டு ஸ்டார்.
தலைக்கு இரண்டு சமோசா, ஒரு வாழைப்பழம்.
வராதவளின் பழத்துக்கும் கணக்கு உண்டு,
மூன்று பிரதி, மூன்று கையெழுத்து.
தலைமைப் பண்பு என்றால் என்ன?
ஐந்து மதிப்பெண் கேள்வி.
நான் எட்டுப் பண்புகள் எழுதி மூன்று வாங்கினேன்.

பிறகு ஒருநாள் ஆளுக்கு ஒருவராய் வெளியே அழைத்து
ஆணை கொடுக்கச் சொன்னார்.
ஜெனோவாவின் குரல் முதல் வரிசையிலேயே விழுந்துவிட்டது.
ஹவில்தார் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்,
இங்கேயிருந்து வரணும்.
எனக்குத் தெரியும் அந்த இடம்.
விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டில்
அம்மா வஞ்சிரத்துக்கு ஏலம் கூறுவது அங்கேயிருந்துதான்.
ஐஸ் உடைக்கும் சத்தத்தைத் தாண்டி, டீசல் இன்ஜினைத் தாண்டி
கடைசியில் நிற்கும் வியாபாரி திரும்பிப் பார்ப்பான்.

தேஸ் சல் என்றேன்.
ஐம்பத்திரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.
என் ஒரு சொல்லுக்கு இத்தனை கால்களா
என்று பார்த்துக்கொண்டே நின்றதில்
அடுத்த சொல் வாயில் வரவில்லை.
முதல் வரிசை காம்பவுண்டுச் சுவரை முட்டி
அங்கேயே காலை மாற்றி மாற்றி மிதித்தது.
யாரும் தானாக நிற்கவில்லை,
அது அவர்கள் பாடம்.
ஹவில்தார் சுவரைக் காட்டினார்.
'சீக்கிரம்' என்றார்.

அன்றுதான் சட்டை மாற்றாமல் வீட்டுக்குப் போனேன்.
மணியாகிவிட்டது, பசி.
சந்து முனையில் காக்கி தெரிந்ததும்
சீட்டுகள் பறந்தன,
ஒருவன் சாக்கடை தாண்டிக் குதித்தான்,
ஒரு செருப்பு மட்டும் என் முன்னால் கிடந்தது.
'டேய், நம்ம அமலிடா!'
சந்தே சிரித்தது. நானும்.

ரொசாரி அண்ணன் ஓடவில்லை.
திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவன்
எழுந்து நின்றான்.
கால் அகல, கை முதுகுக்குப் பின்னால்,
கண் என் பூட்ஸின் மேல்.
தம் கட்டி நின்றான்.
யார் பழக்கினார்களோ,
எங்களில் ஒருவருக்கும் இத்தனை சுத்தமாக வந்ததில்லை.

ஏழில் ஒரு சொல் இருக்கிறது அதற்கு.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
காக்கிச் சட்டையிலிருந்து என்ன சொன்னாலும்
அது ஆணையாகத்தானே கேட்கும் அவனுக்கு.
தொப்பியைக் கழற்றினேன்.
'எத்தனை ஸ்டாரு உனக்கு?' என்றான்
அப்போதுதான் முகம் பார்த்து.
இல்லை, ஒன்றுகூட இல்லை என்றேன்.

அடுத்த சனி, பூட்ஸை எடுத்தபோது
ராசிபலன் இல்லை.
அவன் பழைய பனியனின் கைப்பகுதி,
துவைத்தது, உருண்டையாக.
நான் கேட்கவில்லை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது,
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது,
லேட்டுக்கு மூன்று சுற்று ஓட வேண்டும்.
ஓடினேன். கால் உள்ளே ஆடவில்லை.