முப்பத்திரண்டு வருஷக் குடித்தனம்

ஆறு மாசம்தான் என்றார் டாக்டர்,
ஸ்டான்லியில், காற்றாடி ஓடாத கட்டிலோரம் நின்று.
எனக்கு அப்போது இருபத்தெட்டு.
நாளைக்கு இருபது தடவை ரத்தமாய்ப் போய்ப் போய்
நாற்பது கிலோவில் கிடந்தேன்.
தொப்புளுக்கு வலப்புறம் நாலு விரல் தள்ளி
சிறுகுடல் நுனியை வெளியே இழுத்துத் தைத்தார்கள்.
ஆறு மாசக் குடித்தனக்காரன்.
காலி செய்யச் சொல்லிப் போனபோது
உள்ளே இணைக்க இனி ஒன்றும் மிச்சமில்லையாம்.

கன்னத்தின் உட்புறம்போல ஈரச் சிவப்பு.
நகம் பட்டால் ரத்தம் கசியும், வலிக்காது.
நான் தூங்கும்போதும் அசையும்,
என்னைக் கேட்காமல் கொட்டும்.

முதல் வருஷம் பைக்குக் காசில்லை.
பால் கவரைக் கழுவி, சைக்கிள் ட்யூபில் வளையம் வெட்டி
இடுப்பில் கட்டிவிட்டாள் குணபூஷணி.
கல்யாணமாகி ஒன்பது மாசம்.
"நாத்தம் அடிச்சா எனக்குத்தான் மொதல்ல தெரியும்,
நீ தைரியமா போ."

லுங்கியை மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டியதும்
தண்டையார்பேட்டையே கேட்டது:
"இன்னாடா துளசிங்கம், கெயவன் மாதிரி கட்டிக்கினுகீற?"
கிழவனாகிவிட்டேன்.
இப்போது யாரும் கேட்பதில்லை.

துறைமுகத்தில் கிரேன்.
அறுபதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
அவசரம் வந்தவன் ஏணியில் தடதடவென்று இறங்குவான்.
நான் மட்டும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்,
வயிற்றின்மேல் வெதுவெதுப்பாய் ஒரு கனம் ஏறிக்கொண்டிருக்கும்.
அது பாதி ஆனால் இறங்கினால் போதும்.
ஒரு மே மாசம் உப்புத்தண்ணீர் பாட்டிலை மறந்துபோய்
கால் நரம்பு சுண்டி
ஏணியின் நடுவில் தொங்கினேன்.
அதற்கப்புறம் மறந்ததில்லை.

தேங்காய்ச் சில்லு ஆகாது. காளான் ஆகாது.
பீட்ரூட் தின்ற மறுநாள்
பையில் ரத்தமென்று அலறி ஆட்டோ பிடித்தோம்,
மூலக்கொத்தளம் தாண்டியபிறகு
பொரியல் ஞாபகம் வந்தது.
ஆட்டோக்காரர் பாதிக் காசு வாங்கிக்கொண்டார்.

போன மாசம் டாக்டர் ஞானசிகாமணி இறந்தார்.
பெரம்பூரில் வீடு. ஹாலில் ஐஸ் பெட்டி.
அழுது ஓய்ந்து யாரும் பேசாத நேரம்.
மாலையைக் கண்ணாடிமேல் வைத்துக் குனிந்தேன்.
அப்போது பார்த்து,
புர்ர்ரென்று,
நீளமாய்,
நடுவில் மூச்சு வாங்கி மறுபடியும்.

எல்லாரும் திரும்பினார்கள்.
சத்தம் வந்தால் கை தானாக அங்கே போய் அமுக்கும்,
முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.
அன்றைக்கு அமுக்கவில்லை.
அவர் தைத்த வாய்,
பேசிவிட்டு வரட்டும்.

திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி, நகர்வதாயில்லை.
ஸ்கூட்டரை அணைத்தேன்.
பின்னாலிருந்து பூஷணி
சட்டைக்குள் கைவிட்டு, பர்ஸைத் தடவுவதுபோல
தடவிப் பார்த்தாள்.
"இன்னும் எடம் இருக்கு," என்றாள்.
"வேர்க்கடலை வாங்கட்டா?
நீ நல்லா மென்னு துன்னுவியா?"