குறைந்தபட்சம்

நேற்றுதான் பலகைகளை மாற்றினார்கள்.
கோடையின் நூற்றிருபதைக் கழற்றி
லாரியில் அடுக்கிக்கொண்டு
குளிர்காலத்தின் நூறை மாட்டிவிட்டுப் போனார்கள்.
மிச்சமான இருபது கிலோமீட்டர் எங்கே போகும் என்று
ஒவ்வொரு அக்டோபரிலும் யோசிப்பேன்.
ஏதாவது கிடங்கில் தூங்குமாக இருக்கும்,
கரடி மாதிரி.

லாஹ்தி நெடுஞ்சாலை. ஞாயிறு, காலை ஒன்பதரை.
பாலத்துக்கு இந்தப் பக்கம் நான்,
பிளாஸ்கில் ஆறிப்போன காபி,
மடியில் ரேடார்.

அவர்கள் வருவது
கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும்.
வருடத்தின் கடைசி ஓட்டம் இது.
நாளைக்கு எல்லாக் கார்களுக்கும் போர்வை போர்த்தி
பேட்டரியைக் கழற்றி
ஏப்ரல் வரை குட்நைட் சொல்லிவிடுவார்கள்.
பதினோரு கார்கள்.
முதல் பத்தும் நல்ல பிள்ளைகளாய்
தொண்ணூற்றெட்டில் கடந்தன.
எதிரே வந்த யாரோ விளக்கைச் சிமிட்டிக்
காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்னை.
வெகுநேரம் கழித்துப் பதினோராவது. மஞ்சள்.
நூற்று முப்பத்து நாலு.

இல்போ கார்க்கைனனை எனக்குத் தெரியும்.
இந்தச் சாலையில் காக்கும் எல்லோருக்கும் தெரியும்.
ஆறு வருடத்துக்கு முன்
இதே காரை இதே பாலத்தருகே நிறுத்தியவர் எங்கள் ரெய்மா.
எங்கள் ஊரில் வேகத்துக்கு ஒரே விலை கிடையாது.
சம்பளத்தைப் பார்த்துவிட்டுத்தான் சட்டம் கை நீட்டும்.
அன்று அவருக்கு முப்பத்தொன்பதாயிரம் யூரோ.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம்,
பேனா நன்றாக எழுதுகிறது என்றாராம்.
அந்தத் தாள் இன்றும் அவர்கள் கிளப்பில்
கண்ணாடிச் சட்டத்துக்குள்,
கோப்பைகளுக்கும் மேலே.

ஜன்னல் இறங்கியது.
பின்கண்ணாடியில் ஒரு தாளை
எழுத்து உட்பக்கம் போகும்படி திருப்பி ஒட்டியிருந்தார்.
ஈரத்தில் ஊறி, இடவலம் மாறித் தெரிந்தது:
விற்பனைக்கு.

"எவ்வளவு?"
வேகத்தைக் கேட்கவில்லை என்று
இருவருக்கும் தெரியும்.

எண்ணைத் தட்டினேன்.
வரித்துறைக்கு வெட்கமில்லை,
மூன்றே விநாடியில் ஒரு மனிதனின் வருடத்தை
உருவிக் கையில் கொடுத்துவிடும்.
பூஜ்யம்.
மறுபடி தட்டினேன். அதே பூஜ்யம்,
இன்னும் கொஞ்சம் உருண்டையாக.

"இருநூறு."
"இருநூறு...?"
ஆயிரத்தை நான் சொல்ல மறந்துவிட்டதுபோல
என் வாயையே பார்த்தார்.
"யூரோ. அதற்குக் கீழே சட்டத்தில் இல்லை."

நானூறு மீட்டர் தள்ளி ஓய்விடத்தில்
பத்துக் கார்களும் ஒதுங்கி நின்றன.
போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள்.
தோல் தொப்பிக்காரர் ஒருவர் கைகளை வாயில் குவித்துக் கத்தினார்,
எத்தனை ஆயிரம்?

கார்க்கைனன் ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோலச் சொன்னார்:
"கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா?"

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை.
குறைக்கச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.
நாய்க்குப் பிரசவம் என்று ஒருவர்,
நாயே இல்லாத காரில்.
என் கணவரின் சித்தப்பா மகன் என்று ஒருவர்,
எனக்குக் கணவரே இல்லை.
கூட்டச் சொல்லிக் கேட்டவர்
இவர் ஒருவர்தான்.

கருவி கூட்டாது.
நானும்.
தாளை மட்டும் வழக்கத்துக்கு மாறாக
நாலாய் மடித்தேன்,
எண் உள்ளே போகும்படி.

எண்பதில் போனார்.
பனி படிந்த சாலையில் அவ்வளவு மெதுவாக ஒரு மஞ்சள்
நகர்ந்து நான் பார்த்ததில்லை.
அங்கே கைதட்டினார்கள். சுற்றி நின்றார்கள்.
அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி
விரல்களை உயர்த்தினார்.

பைனாகுலர் பக்கத்து சீட்டிலேயே இருந்தது.
எத்தனை விரல் என்று
நான் பார்க்கவில்லை.

ரேடாரை எடுத்தேன்.
பால் லாரி ஒன்று, எண்பத்தொன்று.
ஒன்று அதிகம்.
போகட்டும்.