காரணம், ஒரு வரியில்

சேத விவரப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம்
ஓர் அங்குல அகலம்.
‘காரணம்’ என்று அச்சடித்துப்
பக்கத்தில் புள்ளிகள் விட்டிருக்கிறார்கள்.

குஞ்சப்பனைக்கு மேலே, மூன்றாம் வளைவில்
ராத்திரி இரண்டேகாலுக்கு இறங்கிய பாறை
மேல் வீட்டை எடுத்துக்கொண்டு
கீழ் வீட்டுக்கு நாலு சாண் முன்னே
ஒரு சில்வர் ஓக் அடிக்கட்டையில்
தாடையைச் சாய்த்து நிற்கிறது,
தூக்கம் வந்த எருமைபோல.

நான் இந்தக் கிராமத்தின் நிர்வாக அலுவலர்.
குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கியபடி எழுதுகிறேன்.

பொக்லைன் மயில்வாகனம்
வண்டி முகப்பில் சூடம் வைத்தார்.
மூன்று குச்சி நமுத்தன, நான்காவது பற்றியது.
‘பாத்தீங்களா மேடம், நாலே சாண்.
யாரோ கைய நீட்டித் தடுத்திருக்காங்க.’

நெடுஞ்சாலை ஓவர்சீயர் தெய்வசிகாமணி –
பேர் வைத்தது நானில்லை என்பார், கேட்கும் முன்பே –
கட்டையை பூட்ஸ் நுனியால் தட்டினார்.
‘அந்தக் கை இதுதான்.
செத்த மரம், சாகாத வேர்.
மேல வடிகால்ல அடைப்பு, மண்ணு ஊறிடுச்சு.
இதுல இன்னொரு ஆள் எதுக்கு?’

‘கட்டைய விட்டுவெச்சது யாரு?’

‘நான்தான்’ என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
மரம் அறுக்கும் சின்னக்காளை.
கைகள் அக்குளுக்குள்.
‘தரையோட அறுக்கத்தான் துரை சொன்னாரு.
ரம்பச் சங்கிலி அறுந்துபோச்சு.
கோத்தகிரிக்கு ஆள் விட்டேன், கடை பூட்டு.’

‘ஏன் பூட்டு?’

‘ஹெத்தையம்மன் பண்டிகைல்ல அன்னிக்கு.’

மயில்வாகனம் சிரித்த சிரிப்பில்
சூடமே அணைந்துபோனது.

‘பூட்டினது கடைக்கார பெள்ளிராஜ். அம்மன் இல்ல.’
‘யாருக்காகப் பூட்டினாரு?’
‘இல்லாத ஒருத்தருக்காகவும் பூட்டலாம்.’
‘இல்லாதது எப்படிய்யா சாவியத் திருப்பும்?’
‘வராத மாப்பிள்ளைக்கு
ஊரே பந்தல் போட்டதில்லையா?’

எனக்குக் கேள்வியும் பிடித்தது, பதிலும் பிடித்தது.
சங்கிலி அறுந்தது ஏனென்று கேட்டேன்.
மரத்துக்குள் ஆணி என்றார் சின்னக்காளை.
எந்தத் தேர்தலிலோ எந்தக் கட்சிக்கோ
தட்டி கட்டியவன் அடித்த ஆணி.
அவனுக்குத் தெரியுமா,
கீழ் வீட்டில் ஏழு பேர் விடியக் கண்டது
தன் சுத்தியலால் என்று?

அப்போதுதான் செபமாலை பேசினாள்.
கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்,
யாரோ போர்த்திவிட்ட கம்பளியோடு.
‘நாலு சாண் நாலு சாண்னு அளக்கறீங்களே,
எங்க வீட்டுலேர்ந்து அளங்க.’

மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

‘நீட்டின கைக்கு
இருபதடி மேல எட்டலையா?’
மயில்வாகனம் தீப்பெட்டியைப் பார்த்தார்.
‘வடிகால் அடைச்சது
உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?’
ஓவர்சீயர் குரல் இறங்கிவிட்டது.
‘ஆடி மாசமே எழுதினேம்மா.
மேல ஆபீசுக்கு. நகல் இவங்களுக்கு.’

நகல் எனக்கு.
கண்ணாடிக் குண்டுக்குக் கீழே
நாலாவதோ ஐந்தாவதோ தாள்.
அன்று அதைப் படித்தேன்.
அன்று மழை இல்லை.

மண்ணுக்குள் இன்னும் அந்தோணி.
வண்டி கிளம்ப வேண்டும்.
சூடம் எரியாமல் மயில்வாகனம் சாவியைத் தொடமாட்டார்.
குச்சிகளைக் காற்று தின்றது.
ஓவர்சீயர் தன் குடையைச் சாய்த்து
சுடருக்கு மறைப்புக் கட்டினார்.
‘வண்டி ஓடறது டீசல்ல’ என்றார்,
தலையைத் திருப்பிக்கொண்டு.
‘சரிங்க சார்’ என்றார் மயில்வாகனம்.

எஞ்சின் உறுமியபோது
செபமாலை சிலுவை போட்டுக்கொள்ளப் போனாள்.
நெற்றியில் வைத்த விரல்
அங்கேயே நின்றுவிட்டது.

ஒன்பதாவது கட்டத்தில் ‘கனமழை’ என்று எழுதினேன்.
சாட்சிகள் இருவரும்
ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள்,
வாதமில்லாமல்.
எழுதிய சொல் போக
புள்ளிகள் நிறைய மிச்சமிருந்தன.