கடைசி வரி

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
பகலெல்லாம் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
வலக்கண்ணை மூடுங்க, வாசிங்க என்பேன்.
ஆறாம் வரிவரை குரல் தடுமாறாது.
கடைசி வரியில் சிலர் ஊகிப்பார்கள்.
ஊகிக்கும் குரல் கொஞ்சம் உரக்க இருக்கும்.
பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றது
அதைக் காதால் கண்டுபிடிப்பது.

இரவில், முதுநகரில், என் கொல்லையில்
செப்டிக் டேங்க் மூடிமேல்தான் தரை மட்டமாக இருக்கும்.
போர்வெல் குழாயும் பிளைவுட்டுமாய் நான் கட்டிய தொலைநோக்கி
அங்கே நிற்கிறது.
எட்டு அங்குலக் கண்ணாடி; உப்புக்காற்று
ஓரமெல்லாம் தேமல் போட்டுவிட்டது.

தெற்கே சிப்காட்டின் ஆரஞ்சு.
மேற்கே நெய்வேலியின் வெளுப்பு.
கிழக்கே கடல், விசைப்படகு போகாத நேரத்தில்
எதையும் ஏற்றிவைக்காமல் படுத்திருக்கும்.
உச்சியில் ஒரு பாய் அகலத்துக்கு இருட்டு மீதி.

பங்குனியில் சிங்கம் அந்தப் பாயில் ஏறும்.
அதன் பின்னங்காலருகே மூன்று கேலக்ஸிகள்.
படங்களில் வரும் வண்ணச் சுழல் எதுவும் இல்லை.
கண்ணாடியில் விட்ட மூச்சு
மறைவதற்கு முன்னால் இருக்குமே, அவ்வளவுதான்.
நேராகப் பார்த்தால் போய்விடும்.
பக்கத்தில் வேறெதையோ பார்ப்பதாகப் பாவனை செய்யவேண்டும்.
முதல் இரண்டும் பிடிபட்டுவிட்டன.
மூன்றாவதை நாலு பங்குனியாகத் தேடுகிறேன்.

இடையில் அஞ்சலாட்சி வீட்டு எல்இடி.
மூன்றரைக் கோடி வருடம் நடந்து வந்தது
மதிலோரம் பதினைந்து வாட்ஸிடம் தோற்கும்.
ஒருமுறை போய்க் கேட்டேன்.
"அவரு ஷிப்டு முடிஞ்சு வரணும்ல,
சந்துல பள்ளம் வேற" என்றாள்.
பத்தே முக்காலுக்கு வீரப்பெருமாளின் எக்ஸ்எல் வரும்.
முன்விளக்கு பாதி செத்தது, எப்போதும்
கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும்.
கேட் கிறீச்சிடும். கொடியில் சட்டை விழும். விளக்கு அணையும்.
அதிலிருந்து இருபது நிமிடம்
என் கண் இருட்டுக்குப் பழக.
அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டால்
நான் குனியலாம் என்று அர்த்தம்.

போன செவ்வாய் விளக்கு அணையவில்லை.
பதினொன்று. பதினொன்றரை.
தென்காற்றில் அழுகிய முட்டை வாடை,
எப்போதும் வருவதுதான்,
அன்று அதில் ஒரு தித்திப்பு.
எங்கோ சங்கு ஊதியது, நின்றது, மறுபடி ஊதியது.
அஞ்சலாட்சி போனைக் காதில் வைத்தபடி
யாரோடும் பேசாமல் கேட்டருகே நின்றாள்.
நான் குழாய்க்கு மூடி போட்டுவிட்டு
மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
இரண்டு பேருமே சந்துமுனையை நேராகப் பார்க்கவில்லை.
அவள் முருங்கையைப் பார்த்தாள்.
நான் டிரான்ஸ்பார்மரை.

ஒன்று நாற்பதுக்கு
உப்பனாற்றுப் பக்கம் ஏதோ இருந்தது.
வெளிச்சம் என்று சொல்ல முடியாது,
இருட்டு ஓரிடத்தில் நைந்த மாதிரி.
அசைந்தது.
"அவருதான்" என்றேன்,
உரக்க.
அப்புறம்தான் அது இடப்பக்கம் பார்த்தது.

வந்தவன் இருமினான். தண்ணீர் கேட்டான்.
"வால்வு" என்றான், அதற்கு மேல் சொல்லவில்லை.
சட்டையைக் கொடியில் போடாமல்
வாளியில் அமுக்கிவைத்தாள்.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
மதிலோரம் வந்து நின்று சொன்னாள்:
"ம், இப்ப பாரு."

சிங்கம் நெய்வேலிப் பக்கம் சாய்ந்திருந்தது.
கண்வில்லையில் பனி.
இருபது நிமிடம் ஆகவில்லை, ஆனாலும் குனிந்தேன்.
முதலாவது.
இரண்டாவது.
அவற்றுக்கு வடக்கே, நீளவாக்கில்,
மூச்சை அடக்கினால் இருக்கிற மாதிரியும்
விட்டால் இல்லாத மாதிரியும்.

நோட்டில் தேதி எழுதினேன்.
மூன்றாவதற்கு நேரே கேள்விக்குறி போட்டேன்.
அதை அடித்துவிட்டு
வண்டி வந்த மணியை எழுதினேன்.