அமுலுக்கு வந்த நாள்

பதினோரு வருஷமாகத் தட்டச்சு,
குடியாத்தம் கோர்ட்டில்.
"இந்த ஆணை உடனடியாக அமுலுக்கு வருகிறது"
என்ற வரியை விரல்கள் தாமே அடிக்கும்.
கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும்,
நாலு ஐம்பது பஸ்ஸில்.

இன்று மனுதாரர் பெயர் அமுலு.
வயது முப்பத்திரண்டு.

நிகழ்வு அறிக்கையைப் பார்த்து அடிக்கிறேன்.
சம்பவ நேரம் என்ற கட்டத்தில்
பாதுகாப்பு அலுவலர் 'மாலை நாலு மணி' என்று எழுதி,
எழுதியதை அடித்துவிட்டு,
அவள் சொன்னதையே எழுதியிருக்கிறார்:
"அறுநூறு பீடி முடிச்சிட்டு
அடுத்த கட்டுக்கு நூல் எடுத்தப்போ."

தேதி: சிரசுக்கு மறுநாள்.
வெட்டுண்ட கெங்கையம்மன் தலையைத்
தெருத்தெருவாகச் சுமந்து போய்
உடம்போடு பொருத்திவிட்டு
ஊரே அசந்து தூங்கிய மறுநாள்.

ஆயுதம்: இலை வெட்டுகிற கத்தரி.
சாட்சி: இல்லை.
பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

திரும்பப் பெறவேண்டியவை:
கிரைண்டர். தோடு, அடகில்.
பீடித் தொழிலாளர் அட்டை, இரண்டு துண்டாக.

எதிர்மனுதாரர் அடிக்கக் கூடாது.
ஆள் வைத்தும் மிரட்டக் கூடாது.
அந்த வீட்டைவிட்டு அவளை வெளியேற்றக் கூடாது.
'பகிர்ந்து வாழும் இல்லம்' என்கிறது சட்டம்.
வாடகை அவள் கட்டியது, அரிசி அவள் வாங்கியது.
அவன் பகிர்ந்தது என்னவென்று
முதல் பக்கத்திலேயே அடித்திருந்தேன்.

நகலை நீட்டினேன்.
"எவ்ளோ?"
"காசு கிடையாதும்மா."
நம்பாமல் பத்து ரூபாயை
ஸ்டாப்ளருக்கு அடியில் செருகினாள்.
எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
"கடைசி வரிய மட்டும் படிச்சிக் காட்டு."
படித்தேன்.

"எனுக்கா வருது?"

இத்தனை வருஷம் அடித்த வரியை
முதல்முறை ஏறிட்டுப் பார்த்தேன்.
ஆமாம் என்றேன்.

"அந்தாளுக்குப் படிக்கத் தெரியாதே."
டவுன் ஸ்டேஷனுக்கும் ஒரு நகல் போகும் என்றேன்.
"அவங்க படிப்பாங்களா?"

மின்விசிறியில் தாள்கள் படபடத்தன.
பேப்பர் வெயிட்டைத் தேடுகிறவள்போல
மேஜையைத் துழாவினேன்.

ஆணையை நீளவாக்கில் மடித்தாள்,
ஓரத்தை நகத்தால் உள்ளே அழுத்தி,
பீடி முனையை மூடுவதுபோலவே.
"இன்னிக்கி எரநூறுதான் ஆச்சி" என்று
யாரிடமோ கணக்குச் சொல்லிக்கொண்டு
படி இறங்கினாள்.

மணி ஐந்தே கால்.